எட்டாம் வகுப்புக்கு மர பில்லி கார்ட்: எங்கிருந்து தொடங்குவது?

தூங்காபி_வாசுகி

எல்லோருக்கும் வணக்கம். சிட்னியில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு டெக்னாலஜி பாடத்தில் இந்த டெர்ம் பில்லி கார்ட் வேலை, அதாவது பிள்ளைகள் உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கரச் சிறு வண்டி செய்வது. நான்கு பேர் ஒரு குழு. உடல் மரத்தால் இருக்க வேண்டும். மோட்டார், பெடல் எதுவும் கூடாது. சரிவில் தானாக உருண்டு வர வேண்டும். செலவு 150 டாலரைத் தாண்டக் கூடாது. வண்டியோடு ஒரு டிசைன் ஃபோலியோவும் (வண்டியை யோசித்துச் செய்த விதத்தைக் காட்டும் குறிப்பேடு) கொடுக்க வேண்டும்.

ஓட்டம் பள்ளிக்குப் பின்புறம் இருக்கும் தார்ப் பாதையில். நீளம் சுமார் 60 மீட்டர், மேலிருந்து கீழே வரை 3 மீட்டர் இறக்கம். கீழே 20 மீட்டர் சமதளம், அதற்கப்பால் வேலி.

நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் சுறா மூக்கு, இன்னொன்றில் பின்னால் இறக்கை. எதிலுமே பிரேக் இல்லை. எங்கள் வீட்டில் ஐகியா அலமாரியைத் தாண்டி யாரும் எதையும் பூட்டியதில்லை. என்ன மரம், எந்தச் சக்கரம், திருப்புவதற்குக் கயிறு போதுமா, சொல்லுங்கள்.

கொட்டில்_மணியம்

தங்கச்சி, படங்களை ஒரு பக்கம் வையுங்கோ. முதலில் சில்லை, அதாவது சக்கரத்தை, தேடுங்கள். சில்லு கையில் வந்தால்தான் அச்சின் தடிப்பு தெரியும். அச்சு தெரிந்தால்தான் மரத்தில் எங்கே துளை, வண்டி நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதெல்லாம் வரும். வடிவாகப் படம் கீறி, மரத்தையும் வெட்டிப்போட்டு, பிறகு அதற்கேற்ற சில்லைத் தேடி அலைந்த பெற்றோரை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

காற்றடிக்கும் கைவண்டிச் சில்லு, அதாவது ட்ராலிக்குப் போடும் 10 அங்குலச் சில்லு, பள்ளி வேலைக்கு நல்ல தெரிவு. பெரும்பாலும் 16 அல்லது 20 மி.மீ. துளையோடு வரும். வாங்க முன்னம் உள்ளே பேரிங் இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக் புஷ்ஷா என்று விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். வேண்டாத சாமான்களைக் கவுன்சில் வந்து அள்ளும் க்ளீன்-அப் நேரத்தில் வீதியோரம் பழைய பிராம், புல்வெட்டி எல்லாம் கிடக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு எடுத்தால் சில்லுச் செலவே இல்லை.

பிஎம்எக்ஸ் சைக்கிள் சில்லு வேண்டாம். அது இரண்டு பக்கமும் ஃபோர்க் பிடித்திருக்கும் என்று நம்பிச் செய்தது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அச்சு வளையும். அச்சுக்கு முழு நீளம் மரை வெட்டிய கம்பியும் போடாதீர்கள். கடையில் அதுதான் முதலில் கண்ணில் படும், வசதியாகவும் இருக்கும். ஆனால் மரை வெட்டின ஒவ்வொரு பள்ளமும் கம்பி முறியத் தோதான இடம். வழுவழுப்பான உருண்டை இரும்புக் கம்பி எடுத்து, முனையில் துளை போட்டு, வாஷரும் கடையாணியும் போடுங்கள்.

நேர்கோடு

இதற்கு ஏன் இத்தனை யோசனை? அப்பாவிடம் ஒரு ட்ராப் சா (மின்சார ரம்பம்) இருந்தால் அரை நாள் வேலை. பிள்ளைகள் பெயிண்ட் அடிக்கட்டும். எல்லாப் பள்ளியிலும் நடப்பது இதுதான்.

அடிலெய்ட்_டீச்சர்

நேர்கோடு சார், எல்லாப் பள்ளியிலும் நடப்பது அதுதான். மதிப்பெண் போடும் எங்களுக்கும் அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

வாசுகி, நான் தெற்கு ஆஸ்திரேலியாவில் இதே பாடம் எடுக்கிறேன். உங்கள் மாநிலப் பாடத்திட்டம் கொஞ்சம் மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான்: தேவையை ஆராய்வது, யோசனைகளை உருவாக்குவது, செய்வது, சோதித்து மதிப்பிடுவது, இதையெல்லாம் குழுவாகத் திட்டமிட்டு நடத்துவது. வழவழவென்று மெருகேற்றிய வண்டிக்கு நான் தனியாக எதுவும் தருவதில்லை. எந்த யோசனையைக் கைவிட்டீர்கள், ஏன் கைவிட்டீர்கள், எதை அளந்தீர்கள் என்பதைத்தான் ஃபோலியோவில் தேடுவேன். அந்தச் சுறா மூக்குப் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தில் "இதை விட்டுவிட்டோம், காரணம் இது" என்று இரண்டு வரி எழுதினால் அதுவே நல்ல பக்கம்.

அளப்பது, குறிப்பது, கைரம்பத்தால் அறுப்பது, பேட்டரி ட்ரில்லில் துளை போடுவது எல்லாம் பதின்மூன்று வயதுப் பிள்ளையால் முடியும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்றால் போதும். இரும்புக் கம்பியில் கடையாணித் துளை போடுவதை மட்டும் பள்ளிப் பட்டறையில் ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்.

விசை_குமரன்

பிரிஸ்பேனிலிருந்து. மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் பாதையின் அளவைப் பார்த்ததுமே கை துறுதுறுத்தது.

3 மீட்டர் இறக்கம் என்றால், எந்தத் தடையும் இல்லாதபோது கீழே வரும் வேகம் விநாடிக்கு 7.7 மீட்டர், மணிக்கு 28 கி.மீ. வண்டியின் எடை இந்தக் கணக்கில் வராது. டயர் உருள்வதில் போகும் இழப்பையும் காற்றையும் சேர்த்தால், 65 கிலோ மொத்த எடைக்கு, விநாடிக்கு 5.5 மீட்டர், அதாவது மணிக்கு 20 கி.மீ. பக்கம் வரும் என்பது என் மதிப்பீடு. சைக்கிளில் அது சாதாரண வேகம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்படித் தெரியாது.

இப்போது அந்த வேலியைப் பாருங்கள். பிரேக் பிடித்தால் ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் விநாடிக்கு 2.5 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 5.5 மீட்டர் வேகத்தில் நிற்க 6 மீட்டர் போதும். மோசமான நிலையை எடுத்து 7.7 என்று போட்டால் 12 மீட்டர். பதற்றத்தில் ஒரு விநாடி தாமதமாகப் பிடித்தால் அதற்குள் இன்னும் 8 மீட்டர் ஓடிவிடும். கூட்டினால் 20. உங்கள் சமதளமும் 20. அதனால் சரிவு முடிவதற்கு முன்பே தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, "இங்கே பிரேக்" என்று பழக்குங்கள். வேலி ஓரம் பழைய டயரோ வைக்கோல் கட்டோ அடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் இப்போதே கேளுங்கள்.

தூங்காபி_வாசுகி

குமரன் தம்பி, வேலிக் கணக்கைப் படித்துவிட்டு இரண்டு அம்மாக்கள் எனக்கு போன் செய்துவிட்டார்கள் :) நல்லதுதான். பிரேக்கை எப்படிச் செய்வது?

கொட்டில்_மணியம்

இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, நிலத்தில் உரசும் பிறேக். ஒரு தடியின் அடியில் பழைய ரயர்த் துண்டை ஆணி அடித்து, கையால் இழுத்தால் நிலத்தில் அழுந்தும். இதில் கவனிக்க வேண்டியது, கீல் முன்னால் இருக்க வேண்டும், உரசும் முனை பின்னால் இழுபட வேண்டும். மாறிப் பூட்டினால் முனை நிலத்தைக் குத்தி நிற்கும், வண்டியின் பின்பக்கம் கிளம்பும். கண்ணால் கண்டது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மற்றது, பின் சில்லுகள் இரண்டிலும் குறுக்கே ஒரு மரக்கட்டை வந்து அழுத்துவது. எனக்குப் பிடித்தது இதுதான். கட்டையை நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் தொங்க விடுங்கள், கொஞ்சம் ஆட இடம் இருக்கட்டும். அப்போதுதான் இரண்டு ரயரிலும் சமமாக அழுத்தும். ஒரு சில்லை மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

விசை_குமரன்

மணியம் அண்ணையின் இரண்டாவது வழிக்கு என் ஓட்டு. கைப்பிடியை நெம்புகோலாக வைத்து, கீலிலிருந்து கை பிடிக்கும் தூரம் கட்டையை அழுத்தும் தூரத்தைப் போல 4 மடங்கு இருக்கட்டும். பிள்ளை 10 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலத்தோடு இழுத்தால் கட்டை 40 கிலோ அளவு பலத்தோடு அழுத்தும். ரப்பருக்கும் மரத்துக்கும் நடுவே அந்த அழுத்தத்தில் பாதி உராய்வாக வந்தாலே 20 கிலோவுக்குச் சமமான தடுப்பு. 65 கிலோ வண்டிக்கு அது விநாடிக்கு 3 மீட்டர் குறைப்பு. நான் மேலே 2.5 என்று போட்டது அதனால்தான், கொஞ்சம் கையிருப்பு வைத்து. டயர் நனைந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மழை பெய்தால் ஓட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டும்.

பெண்டில்ஹில்_ராஜா

மரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பன்னிங்ஸ் வன்பொருள் கடையில் வீட்டுச் சட்டத்துக்கு விற்கும் 90-க்கு 45 மி.மீ. பைன் சட்டம் போதும். எம்ஜிபி10 என்று மரத்தின் பலத் தரத்தைக் காட்டும் முத்திரை இருக்கும். நடுமுதுகுக்கு (முன் பின் அச்சுகளை இணைக்கும் நீளக் கட்டை) ஒன்று, முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. இருக்கைக்கு 12 மி.மீ. ப்ளைவுட். கட்டையை வாங்கும்போது ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள், முறுக்கியதை எடுக்காதீர்கள். பெரிய முடிச்சு இருந்தால் அது துளை வரும் இடத்திலோ நடுவிலோ இல்லாமல் பார்த்து வெட்டுங்கள்.

பச்சை நிறத்தில் இருக்கும், மருந்து ஏற்றிய வெளிப்புற ட்ரீட்டட் பைன் வேண்டாம். சிலவற்றில் சிசிஏ இருக்கும், அதாவது தாமிரம், குரோமியம், ஆர்சனிக். பிள்ளைகள் அறுத்துத் தேய்க்கும் வேலைக்கு அது எதற்கு? வண்டி மழையில் நிற்கப் போவதில்லை. யார் வீட்டிலாவது பழைய வேலிக் கட்டை இலவசமாகக் கிடைத்தாலும் இதே காரணம்தான். அதன் துண்டுகளை பார்பெக்யூவில் எரிக்கவே கூடாது.

கொட்டில்_மணியம்

ராஜா சொன்னது சரி. இரண்டு சங்கதி கூட்டுகிறேன். மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார் முடிகிற பக்கத்தில், திருகாணி அடித்தால் பிடிக்காது, ஆட ஆடக் கழன்றுவிடும். பாரம் தாங்கும் மூட்டு எல்லாவற்றுக்கும் ஊடுருவிப் போகும் போல்ட், இரண்டு பக்கமும் அகலமான வாஷர். இருக்கைக்கு மட்டும் திருகாணி, அதற்கும் முதலில் சிறு துளை.

நடுமுதுகில் முன் அச்சுக்கான 12 மி.மீ. போல்ட்டை மரத்தின் நுனிக்குக் கிட்ட வைக்காதீர்கள். நுனியிலிருந்து 90 மி.மீ. ஆவது உள்ளே வரட்டும். கிட்ட வைத்தால் முதல் குழியில் ஏறி இறங்கும்போதே நார் வழியே பிளந்துவிடும். அடியில் ப்ளைவுட் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டினால் இன்னும் நல்லது.

தூங்காபி_வாசுகி

இது வாசுகியின் மகள். அம்மா கணக்கிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளிக்குப் போகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். மூன்று கேள்வி. சுறா மூக்கு வேகம் தருமா? எடை கூட்டினால் வேகம் கூடுமா? கால் வைத்துத் திருப்புவதா, கயிறா?

விசை_குமரன்

தங்கச்சிக்கு வணக்கம். பிழை ஒன்றும் இல்லை, எங்கள் அலுவலக மின்னஞ்சல்களை விட நன்றாக இருக்கிறது.

மூக்கு: காற்றுத் தடை உங்கள் வேகத்தில் புறக்கணிக்கக் கூடியது இல்லை. கீழே வரும்போது அது உருளல் தடைக்குக் கிட்டத்தட்ட நிகராக வந்துவிடலாம். ஆனால் காற்றில் முட்டுவது பெரும்பாலும் ஓட்டுபவரின் நெஞ்சும் தோளும்தான். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் மூக்கை விட அதிக லாபம், செலவும் இல்லை. தலையை முன்னால் வைத்துக் குப்புறப் படுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே அடித்துவிடுங்கள்.

எடை: கூட்டினால் வேகம் கொஞ்சம் கூடும். காற்றுத் தடை அப்படியே இருக்க, இழுக்கும் விசை மட்டும் கூடுவதால். ஆனால் பிரேக் இழுக்கும் கை அதே கைதான். 65 கிலோ 80 ஆனால் முன்பு சொன்ன 3 மீட்டர் குறைப்பு 2.5 ஆகிவிடும். சக்கரத்தின் எடை வேறு கதை, அது சுழலவும் வேண்டும். ஒன்றரைக் கிலோ சக்கரம் நான்கு, எடை முழுதும் விளிம்பில் இருக்கிறது என்று வைத்தாலும் ஆற்றலில் 9 சதவீதம்தான் சுழற்சிக்குப் போகும். வேகத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் லேசான சக்கரத்துக்குக் காசு செலவழிப்பதை விட நல்ல பேரிங்குக்கும், டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடிப்பதற்கும் முன்னுரிமை கொடுங்கள்.

திருப்புவது: கையில் கயிறு, கால் முன் அச்சுக் கட்டையில், இரண்டும் சேர்த்து. இடது கயிறை இழுத்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். காலால் அதே திருப்பத்துக்கு வலது காலைத் தள்ள வேண்டும். இது எல்லோரையும் முதலில் குழப்பும், சமதளத்தில் யாராவது தள்ளிவிடப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த இழையில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: முன் அச்சு எவ்வளவு திரும்பலாம் என்பதற்குத் தடைக்கட்டை வையுங்கள். முன் பின் அச்சுகளுக்கு நடுவே 1.1 மீட்டர், சக்கரங்களுக்கு நடுவே 70 செ.மீ., ஆளோடு சேர்த்து எடை மையம் 40 செ.மீ. உயரத்தில் என்று எடுத்துக்கொண்டேன். பக்கவாட்டு விசை எடையில் 0.87 பங்கைத் தொட்டால் வண்டி கவிழும். மணிக்கு 20 கி.மீ.யில் அச்சை 20 பாகை திருப்பினால் வளைவின் ஆரம் 3 மீட்டர், விசை எடைக்குச் சமமாகிவிடும், ஆகவே கவிழும். 10 பாகையோடு நிறுத்தினால் ஆரம் 6 மீட்டர், விசை எடையில் பாதி. பிழைத்தீர்கள். 10 பாகை என்பது கட்டையின் நுனி 60 மி.மீ. நகர்வது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் மரத்துண்டைப் பூட்டுங்கள். நேர்ப் பாதைக்கு 10 பாகை தாராளம். அச்சு திரும்பும்போது முன்பக்க ஊன்றல் இன்னும் குறுகும் என்பதால் கணக்கை விட உண்மை கொஞ்சம் மோசம்.

இருக்கைக்குக் கீழே பெட்டி வைத்து உயர்த்தினால் எடை மையம் 55 செ.மீ.க்குப் போகும், 0.87 என்பது 0.64 ஆகும். தாழ்வாக உட்காருங்கள்.

நேர்கோடு

சரி, பிள்ளையே வந்து கேட்ட பிறகு நான் அப்பா பேச்சை விட்டுவிடுகிறேன்.

ஃபோலியோவில் ஆராய்ச்சிப் பக்கம் இருக்குமே, அதற்கு ஒன்று. அமெரிக்காவில் இதே மாதிரி வண்டிகளின் ஓட்டமான சோப் பாக்ஸ் டெர்பி 1933-ல் ஓஹையோவின் டேட்டன் நகரில் தொடங்கியது, 1935-ல் ஆக்ரன் நகருக்கு மாறியது. புவியீர்ப்பு மட்டும்தான் எஞ்சின். 1973-ல் ஜெயித்த வண்டியின் மூக்கில் மின்காந்தம் ஒளிந்திருந்தது. தொடக்க வாசலில் வண்டிகளைத் தடுத்து நிற்கும் தகடு இரும்பு. அது முன்னால் விழும்போது காந்தம் வண்டியையும் சேர்த்து இழுத்துவிடும். எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடித்து பட்டத்தைப் பறித்தார்கள். அதிலும் பெரியவர் கை இருந்தது.

ஆஸ்திரேலியப் பக்கம் என்றால், பில்லி கார்ட்டுகள் 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் பிள்ளைகள் பழப்பெட்டியும் பிராம் சக்கரமும் சேர்த்துச் செய்தவை. விளையாட மட்டும் இல்லை, விறகும் காலிப் போத்தலும் இழுத்து வரவும்தான்.

அடிலெய்ட்_டீச்சர்

அந்தக் காந்தக் கதையை என் வகுப்பில் சொல்லப் போகிறேன், நன்றி.

கயிறு பற்றி இரண்டு வார்த்தை. நைலான் கயிறு இழுபடும், பாலியஸ்டர் எடுங்கள். கை நழுவிய கயிறு முன் சக்கரத்துக்கு அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளக் கூடாது. நீளத்தை அளவாக வெட்டி, நடுவில் கைப்பிடி போட்டு, மடிக்கு வருமாறு ஒரு ரப்பர் கொக்கியில் மாட்டுங்கள். ஹெல்மெட்டில் ஏஎஸ்/என்இசட்எஸ் 2063 என்ற, சைக்கிள் ஹெல்மெட்டுக்கான தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை, மூடிய ஷூ. வீட்டு ட்ரைவ்வேயில் ஓட்டிப் பார்க்கும் ஆசையை இப்போதே தடை செய்துவிடுங்கள். அந்தச் சரிவு ரோட்டில்தான் முடிகிறது.

பெண்டில்ஹில்_ராஜா

முன் அச்சின் நடு போல்ட்டுக்கு நைலாக் மரை, அதாவது உள்ளே நைலான் வளையம் உள்ள நட். இறுக்கி முடுக்கினால் அச்சு திரும்பாது, தளர்த்தினால் சாதாரண மரை கழன்று போகும். நைலாக் என்றால் அளவாக முடுக்கிய இடத்திலேயே நிற்கும். இரண்டு கட்டைக்கும் நடுவில் பெரிய மட்கார்ட் வாஷர் இரண்டு, அவற்றின் நடுவே மெழுகுவர்த்தி தேய்த்துவிடுங்கள்.

தூங்காபி_வாசுகி

நிலவரம் சொல்கிறேன். ட்ராலிச் சக்கரம் நான்கும் ஒரு குழுப் பையனின் மாமா வீட்டுக் கராஜில் கிடைத்தன. மரம், போல்ட், கயிறு எல்லாம் வரம்புக்குள் முடிந்தது. அறுத்ததும் துளை போட்டதும் பிள்ளைகள்தான், ஒரு கட்டை கொஞ்சம் கோணல், அப்படியே விட்டுவிட்டோம். சுறா மூக்கு ஃபோலியோவில் ஒரு பக்கமாகிவிட்டது. இறக்கை மட்டும் வண்டியில் இருக்கிறது, அட்டையில். அதை நீக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

பள்ளியில் ஆசிரியர் முன்னிலையில் சரிவின் பாதியிலிருந்து விட்டுப் பார்த்தார்கள். நேராகப் போகிறது, பிரேக் நிறுத்துகிறது. ஆனால் பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. பிரேக் கட்டை நடு போல்ட்டில்தான் தொங்குகிறது, ஆடவும் செய்கிறது. என்ன பார்க்கலாம்?

கொட்டில்_மணியம்

முதலில் இரண்டு பின் ரயரிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள். காற்றுக் குறைந்த ரயர் அமுங்கிக் கூட உரசும். அது சரி என்றால், கட்டையின் நடுத் துளை உண்மையிலேயே நடுவில் இருக்கிறதா என்று ஒவ்வொரு ரயரின் நடுக்கோட்டிலிருந்தும் அளவுங்கள். போல்ட் இடது சில்லுக்குக் கிட்ட இருந்தால் அங்கேதான் அழுத்தம் கூட. அதுவும் சரி என்றால் பின் அச்சு நடுமுதுகுக்குச் சதுரமாக இல்லை. முன் போல்ட்டிலிருந்து பின் அச்சின் இரண்டு நுனிக்கும் நூல் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும், இரண்டும் ஒரே நீளம் வர வேண்டும்.

தூங்காபி_வாசுகி

மகள் அளந்துவிட்டாள். காற்று சமம். கட்டைத் துளை இடது பக்கம் 18 மி.மீ. தள்ளி இருக்கிறது.

கொட்டில்_மணியம்

அப்ப அதுதான். புதுத் துளை போட வேண்டாம், பழையதற்கு இவ்வளவு கிட்டப் போட்டால் மரம் பிளக்கும். புதுக் கட்டை வெட்டுங்கள், மிஞ்சின சட்டம் இருக்கும்தானே.

அடிலெய்ட்_டீச்சர்

பழைய கட்டையை எறிய வேண்டாம். அந்த 18 மி.மீ.யை ஸ்கேலோடு படம் எடுத்து, முன்னும் பின்னும் நின்ற தூரத்தை அளந்து மதிப்பீட்டுப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று முறையாவது ஓட்டி, சராசரி எடுக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே தொடக்கக் கோடு.

தூங்காபி_வாசுகி

மிஞ்சிய சட்டம் இருக்கிறது. இந்த முறை துளைக்கு முன்னால் நான்கு பேரும் தனித்தனியாக அளக்கப் போகிறார்களாம். ராஜா அண்ணா, அந்தப் பெரிய வாஷர் இரண்டு இன்னும் தேவைப்படுகிறது. கடையில் எந்தப் பகுதியில் இருக்கும்?

பெண்டில்ஹில்_ராஜா

போல்ட் வரிசையிலேயே, சில்லறையாகச் சிறு பைகளில் தொங்கும். 12 மி.மீ. துளை என்று பார்த்து எடுங்கள், பக்கத்திலேயே 10 மி.மீ. இருக்கும்.